வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போவது

விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதில் நம்மிடம் இரண்டு வகை உண்டு. ஒன்று ‘ஊருக்குப் போறது’. இன்னொன்று ‘டூர் போறது’. ஊருக்குப் போக பஸ் டிக்கெட் போதும். போய் இறங்கினால் மாமா வீடோ சித்தி வீடோ அப்பத்தா வீடோ ஒன்று இருக்கும். டூருக்குத் திட்டம் வேண்டும், ரூம் வேண்டும், ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று ஒரு பட்டியல் வேண்டும். ஊருக்குப் போய்விட்டு வந்த பிள்ளையிடம் ‘யாரையெல்லாம் பாத்தே?’ என்று கேட்கிறோம். டூர் போய்விட்டு வந்த பிள்ளையிடம் ‘என்னென்ன பாத்தே?’ என்று கேட்கிறோம். யாரை, என்ன என்கிற இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் ஒரு அறச்சிக்கல் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதை ஒரு குறிப்பிட்ட நிலத்தில் வைத்துப் பேசிப் பார்க்கலாம்.

ராசிங்காபுரம் இந்த இரண்டு வகைப் பயணமும் ஒன்றாக நடக்க இடம் கொடுக்கிற ஊர். தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. தோப்பு, மானாவாரிக் காடு, ஆடு மாடு என்று இருக்கிற சம்சாரி ஊர். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அதன் பெயரைப் பார்க்க முடியாது. ஆனால் மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை சுவர் வைத்தாற்போல நிற்கும். அந்தச் சுவருக்கு மேலே ஏலமலை. போடிமெட்டு, ஆனையிறங்கல், மூணாறு, டாப் ஸ்டேஷன், குரங்கணி, மேகமலை, சுருளி எல்லாம் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பிவிடுகிற தூரம். எங்களுக்கு அங்கே உறவு வீடு இருக்கிறது. கோடையில் ஒரு வாரம் பிள்ளைகளோடு போய்த் தங்குவோம். ராத்திரி ஊர், பகலில் டூர்.

கேள்வி இதுதான். இன்னொருவர் பிறந்து, உழைத்து, சில சமயம் செத்தும் போகிற இடத்தை நாம் காட்சியாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அதில் தப்பு உண்டா? இல்லையென்றால், எந்த நிபந்தனையில் இல்லை?

‘வேடிக்கை பார்ப்பது’ என்கிற நம் சொல்லே இந்தக் குழப்பத்தைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. தேர் பார்க்கும் குழந்தையைப் பற்றிச் சொன்னால் அது கொஞ்சல். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் அதுவே வசை. இரண்டு இடத்திலும் கண் செய்கிற வேலை ஒன்றுதான். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆள் என்ன செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

*

போடியிலிருந்து முந்தல் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளோடு போகிற எந்தக் காரிலும் இந்த எண்ணிக்கை நடக்கும். எட்டாவது வளைவுக்குள் ஒரு பிள்ளைக்காவது வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஏற ஏறக் கீழே போடியும் சுற்றியுள்ள ஊர்களும் விரித்துப் போட்ட பாய் மாதிரி தெரியும். காரை ஓரம்கட்டி நிறுத்துவோம், போட்டோ எடுப்போம், மாங்காய் வாங்கித் தின்போம்.

இதே சாலையில், நாம் பல் விளக்குவதற்கு முன்பே, வேறொரு கூட்டம் ஏறிப் போயிருக்கும். அடிவார ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள். கருக்கலில் கிளம்புகிற ஜீப்புகள், சிலது போடிமெட்டு வழியாக, சிலது கம்பமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போகும். தூக்குவாளியில் சோறு, மடித்துப் பிடித்த பிளாஸ்டிக் காகிதம், தலையில் துண்டு. சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கி வந்து, அடுப்பைப் பற்றவைத்து, மறுநாள் விடியுமுன் மறுபடி கிளம்ப வேண்டும். நெருக்கி உட்கார்ந்து, மடிமேல் மடியாக, மலைச்சாலையில் தினமும் இரண்டு நடை. விபத்து நடந்தால் செய்தித்தாளில் ஒரு பத்தி வரும்.

ஏலச்செடி நிழலில் வளர்வது. அதன் காய் மேலே கிளையில் தொங்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு ஓடுகிற சரத்தில் பிடிக்கும். எனவே காய் எடுக்கிறவர் குனிய வேண்டும், இல்லையென்றால் ஈரத்தரையில் உட்கார்ந்து நகர வேண்டும். அதுவும் மழையும் அட்டையுமான மாதங்களில். எடுத்த பச்சைக்காய் நாலைந்து கிலோ ஸ்டோரில் காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். பிறகு அளவு பார்த்துச் சலித்துப் பிரித்து, போடியிலும் புத்தடியிலும் நடக்கிற ஏலத்துக்கு வருகிறது. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிற நாலு ஏலக்காய்க்கு இவ்வளவு குனிதல் இருக்கிறது.

ஒரு மே மாதச் சாயங்காலம் நாங்கள் ஆனையிறங்கல் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு ஜீப். அதன் பின்பக்கம் நிறையப் பெண்கள், எங்களைப் பார்த்தபடி. ஏழு வயது மகன் கேட்டான்:

“அவங்களும் டூர் போய்ட்டு வர்றாங்களாம்மா?”

“இல்லடா. தோட்டத்து வேலைக்குப் போய்ட்டு வர்றாங்க.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“அப்ப தினமும் 17 வளைவா?”

“ஏற 17, எறங்க 17.”

கணக்குப் போட்டான். “முப்பத்தி நாலு.” கொஞ்ச நேரம் கழித்து, “அவங்களுக்கு வாந்தி வராதா?”

இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரியவர்கள் கேட்டிருக்க மாட்டோம். நாம் கூலி எவ்வளவு என்று கேட்டிருப்போம், அல்லது பாவம் என்றிருப்போம். இரண்டுமே அவர்களை நம்மிடமிருந்து தள்ளி வைக்கிற பேச்சு. பையன் தன் வயிற்றிலிருந்து கேட்டான். தன் உடம்புக்கு நடந்தது அவர்கள் உடம்புக்கும் நடக்குமா என்று கேட்டான். அறம் என்று நாம் பெரிதாகப் பேசுகிற சமாச்சாரம் தொடங்குகிற இடம் அநேகமாக இதுதான்.

*

குழந்தைகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அருவியும் ஜீப்பும் அவர்களுக்கு ஒரே அளவு வேடிக்கை. ரோட்டோரக் குரங்கு, பஞ்சர் கடை டயர் அடுக்கு, வெயிலில் காய்கிற மிளகு, பாறையில் யாரோ எழுதிவிட்டுப் போன பெயர் எல்லாம் ஒன்றுதான். ‘பார்க்க வேண்டியது’, ‘வழியில் இருப்பது’ என்று பிரிக்கிறவர்கள் பெரியவர்கள். ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் முகத்தைத் திருப்பி, ‘அங்க பாரு, அருவி!’ என்கிறோம். இப்படி நூறு தடவை முகத்தைத் திருப்பிவிட்டால் பிள்ளை படித்துக்கொள்ளும்: அருவி பார்ப்பதற்கு, அந்த அம்மா வழியை விடுவதற்கு.

ஒரு பயணத்தில் நாம் பிள்ளைகளுக்குச் செய்கிற பெரிய காரியம் நம் சுட்டுவிரல் செய்கிற காரியம். அது எதை நோக்கி நீள்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்பதை அவர்கள் பேச்சில்லாமல் கற்றுக்கொள்கிறார்கள். சிமோன் வெய்ல் கவனத்தைக் கொடையின் ஒரு வடிவமாகக் கண்டவர். பிறர் துயரை முழுதாகக் கவனிப்பது அபூர்வமான திறன் என்பது அவர் எண்ணம். அந்தத் திறன் குழந்தையிடம் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருப்பதே நம் பங்கு.

நம் மரபில் இதற்கு இன்னும் துல்லியமான ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு நிலத்தைச் சொல்லும்போது முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு மக்கள் செய்கிற தொழிலும் கருப்பொருள். அங்கே நடக்கிற அகவாழ்வு உரிப்பொருள். குறிஞ்சி என்றால் மலை மட்டும் கிடையாது. தேன் எடுக்கிறவரும் தினைப்புனம் காக்கிறவளும் சேர்ந்ததுதான் குறிஞ்சி. ஆளும் தொழிலும் இல்லாத மலை நம் இலக்கணப்படி முழுமையான நிலமே ஆகாது.

இப்போது ஏதாவது ஒரு சுற்றுலாத் துண்டுப்பிரசுரத்தை எடுத்துப் பாருங்கள். ‘போக வேண்டிய இடம்’, ‘போக ஏற்ற மாதம்’ என்றிருக்கும். அதாவது நிலமும் பொழுதும். முதற்பொருளோடு முடிந்துவிட்டது. கருப்பொருளில் விலங்கும் மரமும் பறவையும் படத்துக்கு வரும், தொழில் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். உரிப்பொருளாக யார்? நாம்தான். வியூ பாயின்ட்டில் மலைக்கு முதுகு காட்டி நின்று எடுத்துக்கொள்கிற நம் படம்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் வழியில் எக்கோ பாயின்ட் என்று ஓர் இடம் உண்டு. நம் பெயரைக் கூவினால் மலை நம் பெயரைத் திருப்பிச் சொல்லும். பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆனந்தம், எனக்கும்தான். அதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் மூன்று நாள் பயணத்தில் மலையோடு நடந்த ஒரே உரையாடல் அதுவாக இருந்தால், நாம் கேட்டுவிட்டு வந்தது நம் குரலை மட்டும்தான்.

*

இதற்கு வரக்கூடிய மறுப்புகளைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் மறுப்பு: லீவு விடுவதே பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கத்தான். அங்கேயும் போய்ப் பாடம் நடத்தி, குற்ற உணர்ச்சியை ஊட்ட வேண்டுமா? நியாயமான மறுப்பு. குற்ற உணர்ச்சியோடு பார்க்கிற குழந்தை சீக்கிரம் பார்ப்பதையே விட்டுவிடும். ஆனால் அந்த ‘வாந்தி வராதா’ கேள்வியில் குற்ற உணர்ச்சி இல்லையே. ஆர்வம்தான் இருந்தது. டாப் ஸ்டேஷனில் இறங்கியதும் எந்தக் குழந்தையும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “ஸ்டேஷன்னு சொன்னீங்க, ரயில் எங்க?” பெரியவர்கள் சிரித்துவிட்டு போட்டோ எடுக்கப் போய்விடுவோம். ஆனால் அது சரியான கேள்வி. ரயில் இருந்தது. 1902இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக இங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு பாதை போட்டார்கள். 1908இல் அது குறுகிய ரயில்பாதை ஆனது. தேயிலைப் பெட்டிகள் ரயிலில் இங்கே வந்து, இங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போயின. 1924 வெள்ளம் ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் மிச்சம். இதைச் சொன்னால் பிள்ளையின் சந்தோஷம் குறையுமா? மேகத்துக்குள் தேயிலைப் பெட்டி தொங்கிக்கொண்டு போவதைக் கற்பனை பண்ணுகிற பிள்ளைக்கு, அதை ஏற்றி இறக்கினது யார் என்கிற கேள்வி தானாக வரும். வேடிக்கையின் உள்ளேயே கருப்பொருளுக்கு ஒரு கதவு இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு: பார்ப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்? கான்ட் தன் மூன்றாவது விமர்சன நூலில் (1790) பிரம்மாண்டமான இயற்கையைப் பற்றி ஒன்று சொல்கிறார். புயலும் எரிமலையும் பேரருவியும் நம்மைக் கவர்ந்து உயர்த்துவது நாம் பத்திரமான இடத்தில் நிற்கும்போதுதான். அச்சம் உண்மையானால் ரசனை போய்விடும். நாம் காரிலிருந்து மலையைப் பார்ப்பதும் இந்தப் பத்திரத்தின்மேல் நின்றுதான். பத்திரம் ஒரு சலுகை என்பதை மறந்துவிடும்போது சிக்கல் வருகிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக்கு மேலே, கொழுக்குமலைச் சரிவில், மலையேற்றத்துக்கு வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து 23 பேர் இறந்தார்கள். நகரங்களிலிருந்து ஆசையோடு வந்தவர்கள். இதில் பாடம் சொல்வது அவர்களை அவமதிப்பதாகும். ஆனால் மார்ச் மாதத்துப் புல் எப்படிக் காய்ந்திருக்கும், தீ எந்தப் பக்கம் ஓடும் என்று தெரிந்தவர்கள் அடிவார ஊர்களில் இருந்தார்கள். அந்த அறிவு நிலத்தின் கருப்பொருள். கருப்பொருளை விட்டுவிட்டு முதற்பொருளுக்குள் நுழைவது அழகியல் குறைபாடு மட்டுமில்லை, உயிருக்கே ஆபத்தாகலாம். பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டது. உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்க, நாம் பின்னால் நடப்பது என்பது சின்ன மாற்றம்தான். ஆனால் யாருடைய இடத்துக்கு யார் வந்திருக்கிறோம் என்பதை அது கால்களுக்குச் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: தொழிலாளியையும் காட்டு என்கிறாயே, அவர்களையும் ஒரு காட்சியாக்குவது அதைவிட மோசமில்லையா? ஆமாம், மோசம்தான். சில மலை ஊர்களில் தேயிலை பறிக்கிற பெண்ணின் உடுப்பும் முதுகுக்கூடையும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மாட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துச் சரிவில் அதே கூடையோடு நிஜமாகவே ஒருத்தி வேலை செய்துகொண்டிருப்பாள். இதற்கு ‘என்ன’ என்கிற கேள்வியை ‘யாரை’மேல் ஒட்டவைப்பது என்று பெயர். ஆள் வந்துவிட்டார், ஆனாலும் பொருளாகத்தான் வந்திருக்கிறார்.

இங்கே ராசிங்காபுரத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். பல வருஷம் தோட்டத்துக்குப் போனவர். நான் கஷ்டத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். முழங்கால் வலி, அட்டைக்கடி எல்லாம் சொன்னார். அப்புறம் தானாகவே சொன்னார்:

“ஆனா தம்பி, பனி எறங்குறப்ப அந்த மேட்டப் பாக்கணும். ஜீப்புல அம்புட்டுப் பேரும் வளவளன்னு பேசிக்கிட்டே போவோம். அந்த எடம் வந்துச்சுன்னா பேச்சு நின்னுரும். ஒருத்தி வாயத் தெறக்க மாட்டா. அம்புட்டு அழகா இருக்கும். வேலைய விட்டப்பறம் எனக்கு அதுதேன் தேடுது.”

இந்தப் பேச்சு என் வாதத்தின் போக்கையே மாற்றுகிறது. அழகு நமக்கு, உழைப்பு அவர்களுக்கு என்று பங்கு பிரித்து, அதற்காக வருத்தப்படுவதிலும் ஓர் அலட்சியம் ஒளிந்திருக்கிறது. தினமும் 34 வளைவு போகிறவருக்கு மலை வெறும் வேலைத்தலம் என்று யார் சொன்னது? நாம் வருஷத்துக்கு ஒரு நாள் பார்க்கிறதை அவர் மழையிலும் பனியிலும் இருட்டிலும் பார்த்தவர். காட்சி என்று எடுத்துக்கொண்டாலும் அதில் நம்மைவிடப் பெரிய ரசிகர் அவர். நாம் பிள்ளைகளுக்கு அவரைக் ‘காட்ட’ வேண்டியதில்லை. மலையைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும். காட்சிப்பொருளுக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மனிதரிடம் கேட்கலாம், அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார்.

*

கேட்காமல் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதே மலையில் இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஆனையிறங்கல். யானை இறங்குகிற இடம் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது. அங்கே அணை கட்டினோம், தோட்டம் போட்டோம், நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்களை அந்த வட்டாரத்திலேயே குடியேற்றினோம், படகு விட்டோம், பிறகு யானை ஏன் இறங்குது என்று கேட்டோம். சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடை அரிசி தேடிப் பழகிய யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர் வைத்தார்கள். 2023 ஏப்ரல் 29ஆம் தேதி அதைப் பிடித்துப் பெரியாறு வனத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், மே 27ஆம் தேதி, அது கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. பள்ளிக்கூட விடுமுறைக் காலம். தெருவில் ஆட்கள் ஓடினார்கள், மாடிகளில் செல்போன்கள் உயர்ந்தன. ஊருக்குள் 144 போட வேண்டி வந்தது. யானை தாக்கிய ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5ஆம் தேதி மறுபடி மயக்க ஊசி போட்டு, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாட்களில் அரிக்கொம்பன் ஒரே சமயத்தில் செய்தியாகவும் கொண்டாட்டமாகவும் பயமாகவும் இருந்தது. அது எங்கிருந்து துரத்தப்பட்டது என்கிற கேள்வி வீடியோவுக்குள் அடங்கவில்லை.

இரண்டாவது, ராசிங்காபுரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பொட்டிபுரம். அங்குள்ள மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க ஒன்றிய அரசு 2015இல் ஒப்புதல் கொடுத்தது. சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை, 50,000 டன் இரும்புக் கருவி. சூரியனிலிருந்து வருகிற நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்குச் சுமார் 6500 கோடி ஊடுருவிப் போகின்றன என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் வாயைப் பிளக்கும். விஞ்ஞானியின் கண்ணும் வியப்பின் கண்தான். அவருக்கு அந்த மலை நல்ல கெட்டியான பாறை. ஆடு மேய்க்கிறவருக்கு அது மேய்ச்சல். கிணறு வைத்திருப்பவருக்கு ஊற்று. கும்பிடுகிறவருக்கு சாமி. காரில் போகிற நமக்கு நல்ல ‘பேக்ரவுண்ட்’. எதிர்ப்பும் வழக்கும் நடந்தன. 2022இல் தமிழக அரசு இந்தத் திட்டத்தை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அந்த வாதத்தில் யார் சரி என்பதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஒரே மலையை ஐந்து பேர் ஐந்து விதமாகப் பார்க்கலாம். ஐந்தும் உண்மையாகக்கூட இருக்கலாம். மற்ற நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எந்தப் பார்வை ஒப்புக்கொள்கிறதோ, அதுதான் அறத்தோடு ஒட்டிய பார்வை.

*

அடிவார ஊர்களில் புது ஆள் தெருவுக்குள் நுழைந்தால் திண்ணையிலிருந்து ஒரு கேள்வி வரும். “யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?” பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே நடக்க முடியும். அந்த ஊரின் டிக்கெட் கவுண்டர் அதுதான். காசு வாங்காது, உறவு கேட்கும். நீ பார்க்க வந்திருக்கிறாய், சரி, உன்னை நாங்களும் பார்க்கிறோம் என்று சொல்லும். சுற்றுலாத்தலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பணம் கொடுத்துவிட்டால் நாம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த விடுதலையைத்தான் நாம் விலைக்கு வாங்குகிறோம்.

இப்படிச் சொல்லிவிட்டுத் திண்ணையைப் புகழ்ந்து கட்டுரையை முடித்துவிட முடியாது. ‘யாரு வீட்டுக்கு’ என்கிற கேள்விக்குள் ‘எந்தத் தெரு’ என்கிற கேள்வி இருக்கிறது. எந்தத் தெரு என்பதற்குள் என்ன சாதி என்கிற கேள்வி இருக்கிறது. நம் கிராமங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அந்தத் திண்ணைக் கேள்விக்கு நிம்மதியாகப் பதில் சொல்ல முடியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு 50 ரூபாய் டிக்கெட் ஒரு பெரிய வரம். அது பெயரைக் கேட்காது, ஊரைக் கேட்காது, யார் பிள்ளை என்று கேட்காது. வரிசையில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தும். டூர் என்கிற நவீன ஏற்பாட்டுக்கு இந்த ஜனநாயகப் பெருமை உண்டு, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆக, நமக்கு வேண்டியது இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று. டிக்கெட்டின் சமத்துவமும் வேண்டும், திண்ணையின் பொறுப்பும் வேண்டும். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு உள்ளே விடுவதோ வெளியே நிறுத்துவதோ கூடாது. ஆனால் இது யாரோ ஒருவருடைய வீடு என்கிற நினைப்பு உள்ளே வருகிறவருக்கு இருக்க வேண்டும். நான் முதலில் கேட்ட நிபந்தனைக்குப் பதில் இவ்வளவுதான்: திருப்பிப் பார்க்கப்படுவதற்கும் திருப்பிக் கேட்கப்படுவதற்கும் நாம் தயாராக இருக்கிற வரையில், பிறர் வாழும் இடத்தை வேடிக்கை பார்ப்பதில் தப்பில்லை.

நடைமுறையில் இது பெரிய விரதமெல்லாம் இல்லை. போடிமெட்டு டீக்கடையில் கார் கண்ணாடியை இறக்கி டீயை உள்ளே வாங்காமல், இறங்கி பெஞ்சில் உட்காருவது. கடைக்கார அம்மா பிள்ளைகளிடம் “எந்த ஊரு சாமி? எத்தனாப்பு படிக்கிற?” என்று கேட்கும்போது, பிள்ளைக்குப் பதிலாக நாம் பதில் சொல்லாமல் இருப்பது. பிள்ளை திருப்பி ஏதாவது கேட்க நேரம் கொடுப்பது. பலகையில் இருக்கிற ஊர்ப்பெயர் ஏன் வந்தது என்று அங்கிருப்பவரிடம் விசாரிப்பது. ஜீப் வந்தால் ஒதுங்கி வழிவிடுவது, ஏனென்றால் அவர்களுக்கு வீட்டில் உலை வைக்க நேரமாகிறது. தின்ற பாக்கெட்டைத் திரும்ப எடுத்து வருவது, நாளைக்கு அதைப் பொறுக்கப்போகிற கை யாருடையது என்று தெரிந்து. இதில் எதற்கும் அருவியை விட வேண்டியதில்லை. அருவியில் நன்றாகக் குளிக்கலாம், ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தலாம்.

நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். மூணாறு மலைகளில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. அப்போது இந்த 17 வளைவுகளிலும் கார் நிற்க இடம் இருக்காது. மலை நீலமாகிவிட்டது என்று எல்லோரும் பார்க்கப் போவார்கள், போகத்தான் வேண்டும். பிள்ளைகள் அப்போது நம் கையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டார்கள், நண்பர்களோடு வருவார்கள். அந்தக் கூட்டத்தில், பூவைப் பார்த்து முடித்த பிறகு, பூ பூக்காத மற்ற 11 வருஷமும் இந்த மலைக்கு வந்து போனவர்கள் யார் என்று அவர்களில் ஒருவருக்குக் கேட்கத் தோன்றினால் போதும். பதில் சொல்ல ஆள் பக்கத்திலேயே இருக்கும்.